எக்ஸ்ரேயோடு கோர்ட்டுக்குப் போன சொர்ணவல்லி

கட்டுமாவடியில் இருபது வருடமாக மீன் விற்கிறார் சொர்ணவல்லி. கொஞ்சம் பெரிய குரல். கரையில் நின்று பேசினால் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன், மீன் ஏலக் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து விற்கிற இடத்தை தன் மச்சானின் ஐஸ் கிடங்குக்காக வளைத்து வேலி போட வந்தார் கவுன்சிலர் ரெங்கராஜ். சொர்ணவல்லி குறுக்கே நின்றார். பேச்சு முற்றியதும் ரெங்கராஜ் ஓர் இரும்புக் குழாயை எடுத்து அடித்தார். சொர்ணவல்லியின் வலது முன்கை எலும்பு முறிந்தது.

போலீஸ் எழுதிய குற்றப்பத்திரிகையில் தள்ளுமுள்ளு, சிறு காயம் என்று மட்டும் இருந்தது. குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. ரெங்கராஜ் அன்றே ஸ்டேஷன் ஜாமீனில் வீட்டுக்குப் போயிருந்தார்.

"சின்னக் கேசும்மா. அபராதத்தோட முடிஞ்சிரும், விட்ருங்க" என்றார் ஏட்டு அடைக்கலம்.

"ஒங்க கை ஒடிஞ்சிருந்தா இப்புடிச் சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார் சொர்ணவல்லி.

கோர்ட்டில் மற்றவர்களெல்லாம் நிற்க, ரெங்கராஜ் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுவதாக அவருடைய வக்கீல் சொன்னார். அரசு வக்கீலும் ஆட்சேபிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் போலிருந்தது.

சொர்ணவல்லி முன்னால் வந்தார். "ஐயா, ஒரு வார்த்தை பேசணுங்க."

"நீங்க யாரு?" என்று கேட்டார் நீதிபதி.

"அடிபட்ட ஆளு நாந்தாங்க. சிறு காயம்னு எழுதியிருக்காங்களாம். எக்ஸ்ரே கொண்டாந்திருக்கேன். உள்ள பிளேட்டு வச்சிருக்காங்க, பாருங்க. சிறு காயத்துக்குப் பிளேட்டு வப்பாங்களா?"

நீதிபதி படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ரெங்கராஜ் பக்கம் திரும்பினார்.

"நீங்க எந்திரிச்சு நில்லுங்க."

வேறொரு அதிகாரி மறுபடி விசாரிக்க உத்தரவானது. டாக்டர் சாட்சி சொன்னார். கொட்டகையில் பார்த்த மூன்று பெண்களும் சொன்னார்கள். வழக்கு கொடுங்காயப் பிரிவுக்கு மாறியது. ஒன்றரை வருடம் கழித்து இரண்டு வருடச் சிறை என்று தீர்ப்பு வந்தது.

ரெங்கராஜ் அப்பீல் போய் ஜாமீனில் இருக்கிறார்.

"அவரு வெளியிலதான திரியிறாரு, ஒனக்குப் பயமா இல்லயா?" என்று பக்கத்தில் மீன் விற்கும் காத்தாயி கேட்டார்.

"அப்பீலு பண்ணட்டுமே. அங்கிட்டுக் கூப்புட்டாலும் போயி இதத்தான் சொல்லுவேன்" என்றபடி பாறை மீனைத் துண்டு போட்டார் சொர்ணவல்லி. வலது கை முன்போல மடங்குவதில்லை. இடது கையில் கத்தி பிடிக்கப் பழகிவிட்டார்.