யாரென்று தெரியாத அப்பா

மழை இருட்டிக்கொண்டு வந்ததும் ஊரே சாலையில் காய்ந்த குறுவை நெல்லைத் தார்ப்பாயால் மூட ஓடியது. நான் அங்கன்வாடிக்கு மகளை அழைத்துவர ஓடினேன். தினமும் போவது மனைவி என்பதால் டீச்சருக்கு என் முகம் புதிது.

"பாப்பா, இவங்க யாரு?" என்று கேட்டார்.

உள்ளே சத்துமாவு உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள்.

"தெரியாது டீச்சர்."

"தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாதுன்னு இன்னைக்குத்தாங்க சொல்லிக்கொடுத்தேன்," என்று டீச்சர் பூரித்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

எழுத்தாளனான என்னை ஊரில் யாருக்கும் தெரியாது என்பது பழகிப்போன விஷயம். அது வீட்டுக்குள்ளும் பரவிவிட்டதே என்று வாசலில் நனைந்தேன்.

உருண்டை தீர்ந்ததும் மகள் வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், இப்ப எங்கப்பா வந்துட்டாங்க!"