புளியங்கொட்டைக்குக் கண் படுமா?

பரிசாகக் கொடுத்த புடவையை அந்த அக்கா பிரிக்காமலேயே என்னிடம் திருப்பி நீட்டியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஜவ்வாது மலையில் சாமை விளைச்சலை நாங்கள் ஆய்வு செய்துகொண்டிருந்த காலம். ஊரிலேயே அதிகம் விளைவித்தவர் என்று முந்தைய ஆண்டு அவருக்குக் கொடுத்த புடவை அது. விளைச்சலில் கடைசியில் இருந்தவர்களுக்குப் புது ரக விதையும் கொடுத்திருந்தோம். மறு ஆண்டே அவர் விளைச்சல் சரிந்துவிட்டது. "ஊரு கண்ணு பூரா என் நெலத்து மேலதான் சார். இனிமே வெதைக்க மாட்டேன். குத்தகைக்கு வுட்டுட்டு எங்கனா வேலைக்குப் போறேன்" என்றார். அவருக்கு முன்னால் பரிசு வாங்கியவருக்கும் இதே கதிதான். அதனால் பெண்கள் பரிசுக்குப் பயந்து, நாங்கள் அளக்கப் போகும் நாளில் மூட்டைகளை ஒளித்துவைக்கத் தொடங்கியிருந்தார்கள். என் ஆய்வு அந்தரத்தில் தொங்கியது.

கண்ணாவது மண்ணாவது என்று பேசினால் எடுபடாது. மகளிர் குழுக் கூட்டத்தில், ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டைகளை எல்லோருக்கும் சமமாகக் கொடுத்து, தாயம்போல் உருட்டச் சொன்னேன். வெள்ளை அதிகம் விழுந்தவர்களுக்குக் கைதட்டினோம். குறைவாக விழுந்தவர்களை ஆசைதீரத் திட்டினோம். மறுபடி உருட்டியபோது கைதட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் இறங்கினார்கள், திட்டு வாங்கியவர்கள் ஏறினார்கள். "புளியங்கொட்டைக்குமா சார் கண்ணு படும்?" என்று அக்கா கேட்க, கூரை அதிரச் சிரித்தார்கள். உழைப்போடு அதிர்ஷ்டமும் கூடினால்தான் ஒருவர் உச்சிக்குப் போகிறார், அதிர்ஷ்டம் மறுமுறையும் அப்படியே வாய்ப்பது அரிது, அதனால் தம் வழக்கமான அளவுக்குத் திரும்புகிறார், அவ்வளவுதான் என்றேன்.

நான் மனம் குளிர்ந்துபோயிருந்த நேரத்தில் அக்கா சிரிப்பை நிறுத்தினார். "அப்போ, கடைசியில இருந்தவங்களுக்கு மட்டும் புது வெதை குடுத்தீங்களே. அவங்க ஏறினது வெதையாலதான்னு இன்னா நிச்சயம்?"

அந்த ஏற்றத்தைச் சொல்லித்தான் மேலதிகாரிகளிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தேன். அடுத்த விதைப்புப் பட்டத்தில், விளைச்சல் குறைந்தவர்களில் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மட்டும் புது விதை கொடுத்தோம். இரு பாதியினரும் ஏறினார்கள். புது விதைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக ஏறினார்கள். அந்தக் கொஞ்சம்தான் எங்களுடையது. எந்தப் பெரிய வெற்றிக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இப்போது நகரத்தில் வேலை. பிறருடைய ஆய்வறிக்கைகளைப் படித்து, திட்டம் தொடாமல் விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டு எரிச்சலூட்டுவது என் பிழைப்பு. போன அறுவடைக்கு மலைக்குப் போனேன். அக்கா நிலத்தை யாருக்கும் விடவில்லை. என்னைக் கண்டதும் களத்திலிருந்தே ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார்:

"நாந்தான் சார் இந்த வருசம் மொதல்ல! அடுத்த வருசம் எறங்கினாலும் எறங்குவேன், இப்பவே சொல்லிட்டேன். அதுக்காக வெதைக்காம இருப்பேனா?"