மச்சான் மகளின் ஸ்கொலர்ஷிப்பில் என் பங்கு

இன்று தெரணியகலை பஸ்ஸில் மச்சான் செல்வராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மகள் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே படித்து ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சையில் பாஸாகிவிட்டாள். அது பஸ் டிரைவருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

டவுன் சிங்களப் பள்ளிக்கூடத்தில் நான் சேர்த்த என் மகன் பாஸாகவில்லை.

"அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல் மச்சான். நூத்தஞ்சு டிகிரி" என்றேன். டிகிரியைக் கொஞ்சம் ஏற்றித்தான் சொன்னேன்.

"எங்க மக வகுப்புல ஒம்போதே பிள்ளைங்க. டீச்சர் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒக்காந்து சொல்லிக் குடுத்தாங்க" என்றார். "முந்தி நாப்பது பேரு. டவுன் பள்ளிக்கூடம்தான் ஒசத்தின்னு நீங்க பேசிப் பேசித்தான மத்தவங்க எல்லாம் பிள்ளைங்கள டவுனுக்கு மாத்துனாங்க. ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

வயிறு எரிந்தாலும் அவர் சொன்னது உண்மைதான். அப்படியென்றால் தோட்டத்தில் அவளுக்கு நடக்கப்போகும் பாராட்டு விழாவில் எனக்கும் ஒரு மாலை வர வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.