இரண்டு கட்டைகளுக்கு நடுவில்

சேந்தமங்கலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் போனில் ஒரு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாடியவளின் குரல் ஓரிடத்தில் சுரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி நின்றது.

"ஆர்மோனியத்துல இல்லாத சுரமுங்க. இப்ப இதுக்குன்னே பாடறவங்க இருக்காங்க" என்றாள் அந்தப் பெண், நான் காதுகொடுத்துக் கேட்பதைப் பார்த்து.

என் அக்கா பாவாயியும் அப்படித்தான் இறக்குவாள். தேவனூரில் சாமைக்காட்டில் களை பறிக்கையில், ஈர மண் வாசனையோடு அவள் குரல் மேட்டுக்கு ஏறி வரும். அம்மாவிடம் கேட்டுப் பழகிய பாட்டு அது.

ஒருமுறை பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டிக்கு அவளை மலையிலிருந்து கீழே கூட்டிப்போனார்கள். ஆர்மோனியம் வாசித்தவர் பாதியில் நிறுத்தி, அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை அழுத்திக் காட்டினார்.

"நீ பாடறது ரெண்டுக்கும் நடுவுல விழுது சாமி. அப்படி ஒரு சுரமே கெடையாது. திருத்திப் பாடு."

கூட்டம் சிரித்தது. திருத்தப் பார்த்தாள், குரல் உடைந்துபோனது. அதற்குப் பிறகு அவள் பாடவேயில்லை. அம்மா செத்தபோது, ஒப்பாரியை எடுத்துக்கொடுக்கச் சொல்லிப் பெண்கள் கெஞ்சினார்கள். "எனக்குச் சரியா வராதுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் காலடியில் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸில் வந்த அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் பாட்டை என் போனில் வாங்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். அசையாமல் கேட்டாள்.

"இந்தப் புள்ளய யாரும் திருத்தலையா கண்ணு?"

"இல்லக்கா."

மறுபடி போடச் சொல்வாள் என்று நினைத்தேன். போனை அணைக்கச் சொன்னாள்.