இலைமீனைப் பார்த்த இருவர்

பெரகல சந்தியில் பதுளை பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பாடசாலையின் விலங்கியல் ஆசிரியர் மருதமுத்து சேர் காலையில் மாரடைப்பில் போய்விட்டார். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. ஐந்து வருடங்களாக முகம் கொடுத்துப் பேசாதவன் எப்படி அந்த வாசலில் போய் நிற்பது என்று சந்தியிலேயே மேலும் கீழும் நடந்தேன்.

கடைசியில் போனேன். மடுல்சீமையில் அவர் வீட்டில் மலர்வளையங்களுக்குக் குறைவில்லை. “கடலை நேசித்த மனிதர்” என்று பேசியவர்களில் பாதிப்பேர் ஆசிரியர் அறையில் அவரைக் கேலி செய்தவர்கள். “தேயிலத் தோட்டத்து லயத்துல பொறந்தவருக்குக் கடலுக்கடியில என்ன வேல? அங்கயும் கொழுந்து இருக்கா சேர்?” என்று கேட்டவர் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இருக்கு சேர், பறிக்கத்தான் ஆளில்ல” என்று மருதமுத்து அப்போது சொன்ன பதிலை அவர் மறந்திருப்பார். நான் எதையும் மறப்பதில்லை.

இரசாயனவியல் கற்பிக்கும் என்னைக் கடலுக்குள் இறக்கியவர் அவர்தான். ஒவ்வொரு ஆகஸ்ட் விடுமுறையிலும் மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்குப் போவோம். காற்றுச் சிலிண்டர் வாடகைக்கு. படகு ஒரு மீனவருடையது. நாங்கள் தேடியது ஒரே ஓர் உயிரை: கடற்குதிரைக்கு உறவான, விரல் நீள மீன். முருகைக்கல் எனும் பவளப்பாறையின் நிழலில், பிய்ந்த பாசி இலைபோலத் தலைகீழாக நின்று ஆடும். கண்ணில் பட்டாலும் இலை என்றே தோன்றும். அவர் அதை இலைமீன் என்றார். உண்மையான பாசி இலைகளை எத்தனை தடவை மீனென்று நம்பி மூச்சைப் பிடித்திருப்போம்!

திரும்பும் வழியில் மொனராகலையில் ஓர் இரவு தங்கியே ஆகவேண்டும். ஆழத்தில் மூச்செடுத்த உடம்பை அன்றே மலைக்கு ஏற்றினால் இரத்தத்தில் குமிழி கட்டும். “மத்தவங்க கரைக்கு வந்தா முடிஞ்சிது. நம்ம வீடு வரைக்கும் மெதுவாத்தான் ஏறணும்” என்பார். முதல் வருடம் நான் கேட்காமல் மாலை பஸ்ஸில் ஏறினேன். பசறைக்கு வருவதற்குள் தோள்மூட்டு வலியில் பல்லைக் கடித்தேன். விடாமல் கூடவே ஏறியிருந்தவர், என்னை இறக்கி, எதிரே வந்த பஸ்ஸில் கீழே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

எட்டாவது ஆகஸ்டில் நான் அதைப் பார்த்தேன். இரண்டு மூச்சு நேரம். பாறையின் மறுபக்கம் இருந்த அவரைக் கையாட்டி அழைத்தேன். அவர் வந்தபோது பாசி மட்டுமே இருந்தது. படகில் ஏறியதும் அவருடைய குறிப்புக் கொப்பியில் எழுதச் சொன்னேன். எழுதவில்லை.

“நான் பொய் சொல்றேனா?”

“இல்ல சேர். நீங்க பாத்திருப்பீங்க. ஒருத்தர் பாத்தா கணக்கில்ல.”

அவருடைய அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, தராசு முள்ளைத் தான் மட்டும் பார்த்துவிட்டுக் குறைத்து ஓர் எடை சொல்வானாம். அந்த ஆத்திரத்தில் பிறந்த விதி. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தாங்கவில்லை. எட்டு வருடம் கூட இறங்கிய என்னையும் அந்தத் தராசுக்காரனோடு சேர்த்துவிட்டாரே என்று மொனராகலை அறையில் முதுகு காட்டிப் படுத்தேன். அதன்பின் நான் போகவில்லை.

போன வருடம் செப்டம்பரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

“பாத்துட்டேன் சேர். அதே பாறைதான்.”

“யாரோட?”

“தனியாத்தான்.”

தனியாக இறங்கக்கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர். யார் இல்லாததால் தனியாக இறங்கினார் என்பது அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்தது. ஆனாலும், “அப்ப கணக்கில்லயே” என்றேன்.

“கணக்கில்லதான். அதுக்குத்தான் வந்தேன். அடுத்த ஆகஸ்ட் வாங்க.”

விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். ஆகஸ்ட் வந்தது, போனது. நான் பதுளையிலேயே இருந்தேன்.

இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். அவரை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: மருதமுத்து இலைமீனைப் பார்த்தார். அவர் விதி ஏற்காவிட்டாலும் நான் ஏற்கிறேன். நான் பார்த்தது செம்பழுப்பு, வாலோரத்தில் ஒரு கிழிசல். அவர் பார்த்தது என்ன நிறம், வால் எப்படி இருந்தது என்று வாசலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டும் ஒத்துப்போயிருந்தால், அங்கேயே கொப்பியைத் திறந்திருப்பார். கேட்காத அந்தக் கேள்விதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது.