ஜீப் கூரை மிளகுக்குப் போன நாள்

சிறுமலைக்குப் புதிதாக ஜீப் ஓட்ட வரும் தம்பிகளுக்கு ஒரு விஷயம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. அதனால் புத்தகத்திலிருந்து எதுவும் சொல்ல மாட்டேன்.

அது மாசி மாதம். திண்டுக்கல்லிலிருந்து அருளானந்தம் வாத்தியாரையும் அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சரையும் காபித் தோட்டம் காட்ட ஏற்றிப் போனேன். இருவரும் ரிட்டையர்டு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் டீச்சர் ஜெபம் சொன்னார். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, மாதாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றேன். முறைத்தார்.

தோட்டக்காரர் செல்வி அக்கா தன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது வானம் கறுத்தது. மாசியில் மழையை யார் எதிர்பார்த்தார்கள்? காபிக்கு நடுவே விளைந்த அக்காவின் மிளகு முழுவதும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் மூட்டை கட்ட வேண்டியது. நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், வியாபாரி தொடக்கூட மாட்டார். வருடம் முழுக்கப் பட்ட பாடு அதோடு போச்சு.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் சரக்கு கிடக்கும்போது தூறல் விழுந்தால் வழிப்போக்கனும் ஓடி வந்து அள்ள வேண்டும். யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டியபடி பின்னால் வருகிறார். டீச்சர் செருப்பை உதறிவிட்டு வெறுங்கையால் மிளகைக் கூட்டினார். குவித்துவிட்டோம். ஆனால் தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் எட்டியது. மீதிப் பாயைக் குரங்கு கிழித்திருந்தது.

அக்கா கிழிந்த பாயை இழுத்து இழுத்துப் பார்த்தார். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, ஜீப்புக்கு மேல கட்டிருக்கியே, அத அவுறு."

"அப்புறம் நனைஞ்சுக்கிட்டேதான் எறங்கணும் டீச்சர்."

"எங்களுக்கென்ன பூஞ்சணமா பிடிக்கப்போகுது? அவுறுடா."

ஜீப்பின் கூரைக் கேன்வாஸை அவிழ்த்துப் போர்த்தி ஓரமெல்லாம் கல் வைத்ததும் மழை கொட்டியது. மழை சற்று ஓய்ந்தபோது அக்கா ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினார். கலகலவென்று உதிர்ந்தது. அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. கேன்வாஸை எடுத்துப் போகச் சொன்னார். தூறல் நிற்கவில்லை என்று டீச்சர் விடவில்லை.

இறங்கும்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மூவரும் நனைந்த கோழிகள். வாத்தியார் பல் கிடுகிடுக்கச் சொன்னார்: "எனக்குச் சின்னதுலயே ஞானஸ்நானம் குடுத்துட்டாங்கப்பா. இது எதுக்கு இன்னொன்னு?"

தம்பிகளா, வண்டியில் எப்போதும் ஒரு தார்ப்பாய் கூடுதலாகப் போட்டுவையுங்கள். ஏறுகிறவர்கள் எல்லாரும் ஸ்டெல்லா டீச்சராக இருக்க மாட்டார்கள்.