சாமி இல்லாத வீட்டில் ஒரு மாமா

சாமி இல்லாமல் பிள்ளை வளர்ப்பதை ஒரு தொழில் என்று எடுத்துக்கொண்டால், அதில் புகார் வாங்கும் கவுண்டர் மட்டும் எப்போதும் திறந்தே இருக்கும். உறவுக்காரர்கள், பக்கத்து ஃப்ளாட்காரர்கள், ஸ்கூல் வாசலில் நிற்கும் மற்ற அம்மாக்கள் என்று எல்லோரும் அதில் வாடிக்கையாளர்கள். எல்லோரையும்விடப் பெரிய வாடிக்கையாளர் நாம் பெற்றதுதான். நீங்களும் இதே தொழில் என்றால் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு டீயைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நாங்கள் இருப்பது செம்பூரில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். என் கணவர் பாலு அணுசக்தி நகரில் விஞ்ஞானி. நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள், வடாலாவில் ஒரு ஆபீஸில் வேலை. மகள் இனியா இரண்டாம் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது ஒரே ஒரு விஷயம்: பிறக்கும் பிள்ளைக்குச் சாமியும் சொல்லித்தர மாட்டோம், பொய்யும் சொல்ல மாட்டோம். மற்றதையெல்லாம், எந்த ஊரில் வீடு என்பது உட்பட, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

பச்சை விளக்கு

ஃப்ளாட்டுக்குக் குடிவந்தபோது, முன்பிருந்தவர்கள் விட்டுப்போன பூஜை அலமாரி ஒன்று ஹால் சுவரோடு சேர்த்து அடிக்கப்பட்டிருந்தது. மணி கோத்த இரண்டு கதவு, உள்ளே மூன்று படி. பெயர்த்தால் சுவரும் கூடவே வந்துவிடும் என்று கார்ப்பெண்டர் பயமுறுத்தினார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதற்குள் இன்டர்நெட் ரூட்டரை வைத்தோம். மேல்படியில் உட்கார்ந்துகொண்டு அது பச்சையாக மினுக்கியது. எங்களுக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

ஒருநாள் வீட்டு வேலைக்கு வரும் சுனந்தா அந்த அலமாரியைத் திறந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ரூட்டருக்கு முன்னால் ஒரு செம்பருத்திப் பூ. அது வெறும் மெஷின், ஒயரில் வரும் கரண்டில் எரிகிறது என்று நான் விளக்கினேன். பக்கத்தில் இனியா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சுனந்தா என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள். விளக்கு எரிகிறது என்றால் உள்ளே யாரோ இருக்கத்தானே வேண்டும் என்பது அவள் கட்சி. "பத்தி ஜல் ரஹீ ஹை நா தாயீ, அந்தர் கோயீ தோ ஹோகா" என்றாள்.

வெறும் நெற்றி

என் அத்தை, அப்பாவின் தங்கை, இன்னும் தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பர்ஸில் ஒரு விபூதிப் பொட்டலம் இருக்கும். அதை இனியா நெற்றிக்குக் கொண்டுபோக அவள் ஒரு வழி பார்ப்பாள், நான் குறுக்கே ஒரு வழி பார்ப்பேன். கடைசியில் முறுக்கு கொடுக்கலாம், விபூதி கூடாது என்று எங்களுக்குள் ஒரு சமாதானம் ஆகியிருந்தது.

ஒருமுறை அவள் சண்டை போடவில்லை. இனியாவின் நெற்றியை வெறும் விரலால் தடவிவிட்டு, "ஏட்டி செல்வி, சாமி வேண்டாம்னு சொல்லுதிய, சரி. பிள்ள பயந்துட்டுன்னா யாரக் கூப்புடும்?" என்று கேட்டாள். இதென்ன கேள்வி, என்னைக் கூப்பிடுவாள் என்றேன். அத்தை முறுக்குப் பையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீயும் சேந்து பயந்துட்டேன்னா?"

பதில் சொல்லாத மாமா

எங்கள் எதிர் ஃப்ளாட் ராகவன் மாமா பாலக்காட்டுக்காரர், ரிட்டையர் ஆனவர். மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏற அவரால் முடியாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, இடது உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, புஸ் புஸ் என்று மூச்சு வாங்குவார். அவர் கை படும் இடத்தில் சுண்ணாம்பு கறுத்தே போயிருந்தது. ஸ்கூலுக்குப் போகிற இனியாவை அங்கேயே நிறுத்தி, டிபன் பாக்ஸில் என்ன என்று விசாரிப்பார். அவள் சொல்லாமல் அவரைத் தாண்ட முடியாது.

ஒருநாள் காலை நானும் அவளும் இறங்கும்போது மாமா அந்தத் திருப்பத்துப் படியில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் காய்கறிப் பை. இனியா எனக்கு முன்னால் ஓடிப்போய், சேமியா உப்புமா என்று சொல்லிவிட்டு நின்றாள். நான் பையைக் கீழே போட்டுவிட்டு அவரைத் தொட்டுப் பார்த்தேன். இனியா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "கண்ணைத் திறந்துட்டேதான் இருக்கார், ஆனா கேக்கலை மா."

அப்பாவின் பாடம்

மாமா எங்கே போனார் என்று அவள் கேட்டாள். கீழ்வீட்டு மராத்திக்கார அம்மா மாமா நட்சத்திரம் ஆகிவிட்டார் என்றாராம். ஸ்கூலில் ஒருத்தி பூத், அதாவது பேய் என்றாளாம். இதற்காகத்தானே காத்திருந்தார் என் கணவர்! ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டு நீல மசி விட்டுக் காட்டினார். நாமெல்லாம் அணுக்களால் ஆனவர்கள், அணு அழியாது, மாமாவை எரித்தாயிற்று, அவருடைய அணுக்கள் காற்றில் இப்படித்தான் கலந்திருக்கின்றன, நாம் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறோம் என்று அழகாகச் சொன்னார். சாமி இல்லை, பொய்யும் இல்லை. எனக்கு அவரை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

இனியா அந்த நீலத் தண்ணீரை யாரையும் கொட்ட விடவில்லை. வெகுநேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்போ, இப்போ நான் இழுத்த மூச்சுல மாமாவோட எது வந்துச்சு பா? விரலா, காதா?"

பைப்போடு வந்தவர்

அதன் பிறகு அந்தத் திருப்பம் வந்தால் இனியா கைப்பிடிக் கம்பிப் பக்கமாக ஒட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். கேட்டால் கணக்கு சுத்தமாகச் சொன்னாள். மாமா மூச்சை அதிகம் விட்டது அங்கேதான், அதனால் மாமா அதிகமாக இருப்பதும் அங்கேதான். பாலு இதில் தப்பு கண்டுபிடிக்கப் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்தார். அவளைப் பார்த்துக் கட்டடத்துப் பிள்ளைகள் ஒதுங்கினார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பால்காரர் ஒதுங்கினார். கொஞ்ச நாளில் காய்கறிப் பையும் கையுமாகப் பெரியவர்கள் எல்லோருமே அந்த இடத்தில் வரிசையாகக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு ஏறினார்கள். வெறும் சுவருக்கு இத்தனை பேர் வழிவிடுவதை நான் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று தாராவியிலிருந்து ஒரு பிளம்பரை வரச் சொன்னேன். எங்கள் கட்டடத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை, மாமாவை அவருக்குத் தெரியாது. தோளில் நீளப் பைப்போடு ஏறி வந்தவர் அந்தத் திருப்பத்தில் நின்றார். பைப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கம்பிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். ஏன் அப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் திரும்பிக் கீழே பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "யாரோ நின்ன மாதிரி இருந்துச்சிக்கா, இடிச்சிரப்பிடாதேன்னு ஒதுங்குனேன்."

நேரா உள்ளே போகலாமா?

மாமாவின் மனைவி ஜெயா மாமி, மாமா போனதிலிருந்து அழவே இல்லை. ஒரு சாயங்காலம் வந்து இனியா பக்கத்தில் உட்கார்ந்தார். "கொழந்தே, மாமாக்கு இப்பவும் மூச்சு வாங்கறதா?" என்று ரகசியம்போலக் கேட்டார். இனியா யோசித்தாள். இப்போது அவரே காற்றுதானே மாமி, அப்புறம் எப்படி மூச்சு வாங்கும் என்றாள். மாமி அவளைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, தடுக்கத் தோன்றவில்லை.

தடுத்திருக்க வேண்டும். மாமிக்குப் பாரம் இறங்கிய கதை கட்டடம் முழுக்கப் பரவியது. முதல் மாடி அம்மா செத்துப்போன தன் தம்பி எங்கே இருக்கிறான் என்று கேட்கப் பேடா டப்பாவோடு வந்தார். எங்கள் செருப்பு ஸ்டாண்டின் மேல் யாரோ பூ வைத்தார்கள். திருப்பத்துச் சுவரில் மாமாவின் கை பட்டுக் கறுத்த இடத்தில் குங்குமம் முளைத்தது. பாலு ஈரத்துணியால் துடைத்தார், மறுநாள் புதிதாக இருந்தது. சாமியே வேண்டாம் என்றிருந்த வீட்டில் எங்கள் மகளே குறி சொல்ல உட்கார்ந்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்தால், குர்லாவிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லிக் குடும்பமே நின்றது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் பவ்யமாகச் செருப்பைக் கழற்றினார். "நம்பர் வாங்கணுமா, இல்ல நேரா உள்ளே போகலாமா?"

நீல உதடு

அன்றோடு எல்லோரையும் நிறுத்தினோம். ஆனால் இனியா மாறிப்போனாள். படியேறும்போது முதல் மாடியிலேயே கன்னத்தை உப்பவைத்து மூச்சை அடைத்துக்கொள்வாள், எங்கள் வீட்டுக் கதவு வந்த பிறகுதான் விடுவாள். விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு வீட்டுக்குள் வந்தும் விடமாட்டாள். சாப்பிடும்போது, படிக்கும்போது என்று முகம் சிவக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மத்தியானம் ஸ்கூலிலிருந்து கூட்டிவரும்போது திருப்பத்தில் அப்படியே சரிந்தாள். நான் பிடிக்காவிட்டால் படியில் உருண்டிருப்பாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் நுரையீரல் அருமையாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். என் பிள்ளை மூச்சு விட மறுக்கிறாள், இதற்கு எந்த டாக்டரிடம் போவது? வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. மடியில் போட்டுக்கொண்டு ஏன்டா கண்ணு என்று கேட்டேன். மிகவும் களைத்த குரலில் சொன்னாள். "எல்லாரும் வந்து வந்து மாமாவை இழுத்துட்டுப் போறாங்க மா. நானும் இழுத்தா மாமிக்கு மிச்சம் இருக்காது."

மாமி எடுத்த மூச்சு

பாலு அணுவின் எண்ணிக்கையைச் சொல்லிப் பார்த்தார், தீரவே தீராது என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டாள். எனக்குக் கொள்கையாவது ஒன்றாவது என்றாகிவிட்டது. மாமா சாமிகிட்ட போயிட்டார், இப்ப அங்க இல்லை என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. பொய் சொல்லாதே என்று வாயைத் திறந்து சொல்லக்கூட அவள் மூச்சைச் செலவழிக்கத் தயாராக இல்லை.

எதிர்க் கதவைத் தட்டி மாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தினமும் இரண்டு வேளை விளக்கேற்றுகிறவர், விபூதியோ மந்திரித்த கயிறோ எடுத்து வருவார் என்று நினைத்தேன். அன்றைக்கு எதைக் கட்டியிருந்தாலும் நான் வேண்டாம் என்றிருக்க மாட்டேன். மாமி எதையும் எடுக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இனியாவின் கையைப் பிடித்துத் திருப்பத்துக்கு இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். குங்குமத்தின் மேலேயே இடது உள்ளங்கையை ஊன்றி, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு மூச்சு எங்கே போகிறது என்று தெரியவில்லை. படிக்கட்டு ஜன்னல் வழியாக வந்த காற்று என் கழுத்தைத் தொட்டுக்கொண்டு அவர் பக்கமாகப் போன மாதிரி இருந்தது. பிறகு மாமி வாயை இறுக்கி மூடி, ஒருமுறை விழுங்கினார். "ஆயாச்சு கொழந்தே. பாக்கி இருந்ததெல்லாம் நான் எடுத்துண்டுட்டேன். இங்கே இனிமே வெறும் காத்துதான், நீ நன்னா மூச்சு விடு."

இனியா சுவரைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். அப்புறம் விட்டாள் ஒரு மூச்சு, இழுத்தாள் ஒரு மூச்சு. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வழி விடுங்கோ

இப்போது யாரும் அங்கே ஒதுங்குவதில்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், கத்துகிறாள், அத்தையிடம் முறுக்குக்குச் சண்டை போடுகிறாள். மாமிதான், முன்பெல்லாம் விடுவிடு என்று மூன்று மாடி ஏறியவர், இப்போது அந்தத் திருப்பம் வந்தால் நின்றுவிடுகிறார். புஸ் புஸ் என்று மூச்சு வாங்குகிறது. நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன், இதயத்திலும் ஒன்றுமில்லை, நுரையீரலிலும் ஒன்றுமில்லை என்றார்.

போன வாரம் இனியா கீழேயிருந்து ஓடிவந்து, சுவரில் கையூன்றி நின்ற மாமியிடம், "வழி விடுங்கோ மாமா" என்றாள். மாமி நகர்ந்து வழிவிட்டார். குழந்தை ஏதோ உளறுகிறாள் மாமி, தப்பா எடுத்துக்காதீங்க என்றேன். மாமி மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். "தப்பென்ன இருக்கு? அவ சரியாத்தான் கூப்பிடறா."

சாமி இல்லாமல் பிள்ளை வளர்க்க முடியுமா என்று என்னைக் கேட்டால் இப்போதும் தாராளமாக முடியும் என்றுதான் சொல்வேன், மாமி படியேறும் சத்தம் கேட்காத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.